கோர்கி 261: பொன்னிற ஆஸ்டன் மார்ட்டினைத் திரும்ப வாங்கும்போது

சிறு வயதில் கையில் இருந்த பொம்மைக் காரைத் தேடும் பிரிட்டிஷ்காரர்கள் அடிக்கடி தரும் அடையாளம் இது: ஜேம்ஸ் பாண்ட் கார், வெள்ளி நிறம், பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து ஆள் வெளியே பாய்வான், 1965 கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தார்கள். இதில் நிறமோ வருடமோ, ஏதோ ஒன்று தப்பு. 1965இல் கடைக்கு வந்த பாண்ட் கார், பட்டியல் எண்ணால் கோர்கி 261 என்று அழைக்கப்படுவது, பொன்னிறம். வெள்ளி நிறத்தில் வந்தது 270. அது 1968இல்தான் வந்தது. திரையில் ஓடிய நிஜக் கார் வெள்ளி, பின்னால் வந்த பொம்மைகளும் வெள்ளி. அதனால் பொன்னிற வண்டியை உருட்டி விளையாடியவர்கள்கூட நினைவில் அதற்கு வெள்ளி பூசிவிடுகிறார்கள். பழைய பொம்மைக் கார் வாங்குவதில் போலிக்கு ஏமாறுகிறவர்களைவிட, அசலான ஆனால் வேறொரு வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். எந்த வண்டி, எந்த நிலையில், எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று 261ஐ வைத்துப் பார்ப்போம்.

அவசரத்தில் பிறந்த வண்டி

கோர்கி என்பது மெட்டாய் நிறுவனத்தின் பெயர்ப்பலகை. நியூரம்பெர்கில் பொம்மைத் தொழில் நடத்திவந்த யூதரான பிலிப் உல்மன், 1933இல் இங்கிலாந்தின் நார்தாம்டனில் மெட்டாயைத் தொடங்கினார். வேல்ஸின் சுவான்சியில் இருந்த தொழிற்சாலையிலிருந்து கோர்கி கார்கள் 1956இல் வெளிவந்தன. அப்போது சந்தையை ஆண்டுகொண்டிருந்த டிங்கி கார்களில் ஜன்னல் இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டை. கோர்கி அதில் தெளிந்த பிளாஸ்டிக்கைப் பொருத்தி, ஜன்னல் உள்ள கார்கள் என்றே விளம்பரம் செய்தது. அதன் பிறகு சக்கரத்துக்கு ஸ்பிரிங், திறக்கும் பானெட் என்று வருடத்துக்கு ஒரு புதுமை.

இந்தக் கார் வந்த பாண்ட் படமான கோல்ட்ஃபிங்கர் லண்டனில் திரைக்கு வந்தது 1964 செப்டம்பரில். பொம்மை கடைக்கு வந்தது 1965 அக்டோபரில். ஒரு காருக்கு எஃகில் புதிதாக அச்சு வெட்டி, சோதித்து, உற்பத்திக்குக் கொண்டுவர இந்த இடைவெளி மிகக் குறைவு. மார்செல் வான் கிளீம்புட் தலைமையிலான வடிவமைப்புப் பிரிவு கையில் இருந்ததை எடுத்துக்கொண்டது: 1960 முதல் விற்றுவந்த 218, ஆஸ்டன் மார்ட்டின் டிபி4. அந்த உடலை மாற்றியமைத்து, படத்தில் வந்த டிபி5 ஆக்கினார்கள். கூரையில் கதவு வெட்டப்பட்டது. நிஜக் காரோடு ஒப்பிட்டு அளவு பார்க்கிறவர்களுக்கு உறுத்தும் இடங்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. அளவும் வழக்கமான 1:43 அல்ல, 1:46.

நிறத்துக்குச் சொல்லப்படும் காரணம் எளிது. துத்தநாகக் கலவையில் வார்த்த உடல் பெயின்ட் அடிக்கும் முன் வெள்ளி போலத்தான் இருக்கும். அதன்மேல் வெள்ளி நிறமே பூசினால் பூசாமல் விட்டதுபோலத் தெரியும் என்று பொன்னிறத்துக்குப் போனார்கள். விலை 9 ஷில்லிங் 11 பென்ஸ், அதாவது அரை பவுண்டுக்கு ஒரு பென்னி குறைவு. அந்த வருடத்தின் சிறந்த பொம்மை விருதும் அதற்கே கிடைத்தது. 1968 வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இந்தக் கடைசி எண்ணை மறக்கக்கூடாது. 261 அரிய வண்டி அல்ல, எப்போதும் எங்காவது ஒன்று விற்பனைக்கு இருக்கும். அரிதானது, எல்லாப் பாகங்களும் கூடிய 261. விளையாடத் தூண்டும்படி செய்யப்பட்ட பொம்மை என்பதால் பெரும்பாலானவை விளையாடித் தீர்க்கப்பட்டன. முதல் வாரத்திலேயே தொலைந்த பாகங்களுக்குத்தான் இன்றைக்கு விலை.

எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது

நிறத்தைக் கேட்காதீர்கள். விரல்கள் செய்த வேலையைக் கேளுங்கள், அதில் நினைவு அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை.

நம்பர் பலகை சுழன்றதா? பின்சக்கரத்திலிருந்து எதிரி டயரைக் கிழிக்கும் முள் நீண்டதா? ஆம் என்றால் அது 270. இந்த இரண்டும் 261இல் கிடையாது. அதில் முக்கியமாக இருந்தவை மூன்று: முன்பக்கத்திலிருந்து வெளியே நீளும் இயந்திரத் துப்பாக்கிகள், தூக்கி எறியும் இருக்கை, புகைக்குழாயை உள்ளே அழுத்தினால் பின்கண்ணாடிக்கு மேல் எழும் குண்டு துளைக்காத தடுப்பு. துப்பாக்கிக்கும் இருக்கைக்கும் பக்கவாட்டில் சிறு பொத்தான்கள்.

அடுத்தது அளவு. 261 நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கும். 1978இல் வந்த 271 1:36 அளவு, ஐந்து அங்குல நீளம், வெள்ளி நிறம், டயரும் சக்கரமும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. டயரைக் கழற்றி மாட்டிய நினைவு இருந்தால் 271ஐத் தள்ளிவிடலாம். பிறகு வயது. 1970இல் பிறந்தவர் கடையில் புதிதாக வாங்கித் தரப்பட்ட 261ஐ வைத்திருந்திருக்க முடியாது, அண்ணனிடமிருந்து இறங்கி வந்திருந்தாலொழிய.

பொன்னிற மறுவெளியீடுகளும் பின்னாளில் வந்தன. கவிழ்த்து அடித்தகட்டைப் படித்தால் தெரிந்துவிடும். பழையது பிரிட்டன் தயாரிப்பு, மறுவெளியீடுகள் சீனத் தயாரிப்பு. நினைவுக்காக மேசையில் ஒன்று வேண்டும் என்றால் மறுவெளியீடே போதும். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. பழையதென்று சொல்லி விற்கும்போதுதான் வம்பு.

மேசையில் பார்க்க வேண்டியவை

சந்தையில் அடிக்கடி வரும் நிலையையே எடுத்துக்கொள்வோம்: பெட்டி இல்லை, இருக்கையிலிருந்து எறியப்படும் பயணி பொம்மை இல்லை, கூரைக் கதவு மந்தமாக எழுகிறது, விளிம்புகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, முன் பம்பரின் முலாம் மங்கியிருக்கிறது. கையில் வேண்டியவை 10 மடங்கு லென்ஸ், டார்ச், மரப் பல்குச்சி, மெல்லிய துணி. உலோக ஊசியால் எதையும் நெம்பக்கூடாது.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டை உடலோடு பிடித்திருப்பது உடலிலேயே வார்த்த குமிழ்கள். தகட்டைப் பொருத்திய பின் அவற்றின் தலையை அழுத்திப் பரப்பியிருப்பார்கள். தொழிற்சாலையில் பரப்பிய தலை சீரான வட்டம், நடுவில் துளை இருக்காது. தலையில் துளை, திருகு, பசை, அல்லது சுற்றிலும் வட்டக் கீறல் தெரிந்தால் வண்டி ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தது குற்றமல்ல. விற்பவர் அதைச் சொல்லாமல் விட்டால் அவர் சொன்ன மற்றதையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பெயின்ட். அசல் வண்டியில் உதிர்வுகள் கூரை விளிம்பு, சக்கர வளைவு, பம்பருக்கு மேல் என்று உரசும் இடங்களில் இருக்கும். அடியில் சாம்பல் உலோகம் தெரியும். உதிர்ந்த பள்ளத்துக்குள்ளும் பொன்னிறம் இருந்தால் மேலே மறுபடி அடித்திருக்கிறார்கள். உலோகத் துகள் கலந்த பெயின்டில் தொட்டு அடித்த இடம் நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் துகள்கள் வேறு திசையில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். கூரைக் கதவின் உள்விளிம்பையும் ஜன்னல் ஓரத்தையும் லென்ஸில் பாருங்கள். பிரிக்காமல் அடித்திருந்தால் பிளாஸ்டிக்கின்மேல் பெயின்ட் மூடுபனி படிந்திருக்கும்.

பெயின்ட் கொப்பளித்திருந்தால் பலர் துத்தநாக நோய் என்று பயப்படுவார்கள். அந்த நோய் உண்மைதான். துத்தநாக வார்ப்பில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் சிறிதளவு கலந்துவிட்டால் ஈரப்பதத்தில் படிகங்களுக்கு இடையே அரிப்பு ஓடி, உலோகம் உப்பி, வெடித்து, கடைசியில் உதிர்ந்துபோகும். போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளில் இது கொள்ளைநோய், மருந்து கிடையாது. மிகத் தூய துத்தநாகத்தில் சுமார் 4 சதவீத அலுமினியம் சேர்த்த கலவையில் அசுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் இது வராது. போருக்குப் பின் வந்த உற்பத்தியில் இதை அபூர்வமாகவே பார்க்கலாம். 261இல் கொப்பளம் தெரிந்தால், உதிர்ந்த இடம் வழியாக ஈரம் புகுந்து உண்டான வெள்ளைத் துரு என்று முதலில் நினைக்கலாம். பெயின்ட் உதிராத இடத்திலும் உலோகம் விரிசல் விட்டு, மூலைகள் வளைந்திருந்தால்தான் கவலை.

பிறகு இயக்கம். பொத்தானை விரல்நுனியால் மெதுவாக அழுத்துங்கள், எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். அறுபது வருட அழுக்கை விரல் பலத்தால் வெல்லப் பார்க்கும்போதுதான் கதவின் கீல்முனை ஒடிகிறது. ஒடிந்த கீல்முனையைப் பசை வைத்து ஒட்டினால் நிற்காது. விலை பேசும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகம் குறைக்க வேண்டும். தடுப்பு எழுகிறதா, உள்ளே திரும்புகிறதா, துப்பாக்கிகள் இரண்டும் சமமாக நீள்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் நீண்டால் மற்றது உள்ளே முறிந்திருக்கலாம்.

பயணி பொம்மை இருந்தாலும் அது அசல்தானா என்பது வேறு கேள்வி. மாற்றுப் பாகம் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட உறுதியான அசல் இல்லாவிட்டால், நகல் என்றே கணக்கில் வைத்து விலை கொடுங்கள்.

துடைப்பதா, புதுப்பிப்பதா

எங்கள் நிலை வெளிப்படையானது. பாதிப் பெயின்டாவது மிஞ்சியிருந்தால் மறுபடி அடிக்கக்கூடாது. உதிர்ந்த அசல் வண்டியை நாளை யாரும் புதுப்பிக்கலாம். புதுப்பித்த வண்டியை யாராலும் அசலாக்க முடியாது. சந்தையிலும் தேய்ந்த அசலுக்குத்தான் மதிப்பு. கெட்டிப் பெயின்டைக் கையால் தடவியடித்து நாசமாக்கிய வண்டி, கீல் ஒடிந்து பாகங்களுக்கு மட்டுமே ஆகும் வண்டி, இவற்றில் கை வைக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட வண்டிக்குத் துடைப்பதும் இயக்கத்தைச் சரிசெய்வதும் போதும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மிருதுவான பல்துலக்கி. வண்டியை முழுக்க ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் சக்கரக் கம்பியும் எஃகு. தண்ணீர் தங்கினால் துருப்பிடிக்கும். துலக்கியை நனைத்து, உதறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, துணியால் ஒற்றி, முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்துங்கள். முலாம் பூசிய பாகங்களில் உலோகம் துலக்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். முலாம் மிக மெல்லிய படலம். பாலிஷில் இருக்கும் உராய்வுத் தூள் இரண்டு தேய்ப்பில் அதை எடுத்துவிடும். சோடா, பிளீச் போன்ற காரப்பொருள்களும் அப்படியே.

மந்தமான கதவுக்குப் பெரும்பாலும் ஸ்பிரிங் காரணமல்ல, அதன்மேல் படிந்த பஞ்சும் கெட்டியான பழைய எண்ணெயும்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முதலில் அடித்தகட்டின் மறைவான ஓரத்தில் தொட்டுப் பெயின்ட் கரைகிறதா என்று பாருங்கள். கரையாவிட்டால் பல்குச்சி முனையில் சுற்றிய பஞ்சில் நனைத்துக் கீல் இடுக்கைச் சுத்தம் செய்யலாம். தெளிந்த ஜன்னல் பிளாஸ்டிக்கில் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது, மயிரிழை விரிசல் விடும். உலர்ந்த பின் தையல் இயந்திர எண்ணெய் ஊசிமுனையளவு. அதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் டயருக்கு ஓடும். ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும்.

டயர் இறுகி வெடித்திருந்தால் மாற்று டயர் போடலாம். ஆனால் கழற்றிய பழைய டயர்களைத் தூக்கிப் போடாமல் சிறு உறையில் போட்டு, எந்த வண்டியுடையது என்று எழுதி வையுங்கள். விற்கும்போது அந்த உறை பேசும்.

திறக்கத்தான் வேண்டும் என்றால்

குமிழ்த் தலையின் நடுவில் கூர்முனையால் லேசாகக் குழி போடுங்கள். 3 மில்லிமீட்டர் டிரில் முனையை மெதுவான வேகத்தில் வைத்து, பரப்பிய தலை மட்டும் போகும்வரை ஓட்டுங்கள். தலை வளையமாகக் கழன்று முனையோடு சுழலத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் திரும்பப் பொருத்தும்போது பிடிக்க எதுவும் மிஞ்சாது. அடித்தகட்டைத் தூக்கும்போது வண்டியை ஒரு தெளிந்த பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பாய்ந்தால் பைக்குள் விழும். ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். ஸ்பிரிங்கின் எந்தக் கால் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பது மூடும்போதுதான் தெரியவேண்டிவரும், அப்போது நினைவிருக்காது.

பெயின்டை எடுக்கக் கடையில் கிடைக்கும் பெயின்ட் நீக்கி போதும். கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம். துத்தநாகம், அலுமினியம் இரண்டையும் அது தின்னும். உலோகம் கறுத்து, கூர்மையான கோடுகள் மழுங்கும். கழுவி உலர்ந்த உடலில் துத்தநாகத்தைப் பற்றும் எட்ச் பிரைமர், மேலே நிறம், எல்லாம் மெல்லிய பூச்சாக.

இங்கே 261க்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஸ்பிரே டப்பாவின் ஒவ்வொரு பூச்சும் 20 முதல் 40 மைக்ரான் கனம் வரும். பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, மினுக்கு ஒன்று என்று கதவின் விளிம்பிலும் உடலின் விளிம்பிலும் படிந்தால் இடைவெளி ஒரு பக்கத்தில் மட்டும் 0.3 மில்லிமீட்டர் வரை குறைந்துபோகும். புதுப்பித்த வண்டிகளில் கூரை சிக்கி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாங்கியவர் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கதவின் பக்க விளிம்பையும் உடலில் அதன் எதிர்விளிம்பையும் டேப் ஒட்டி மறைத்து, பிரைமர் மட்டும் விட்டால் போதும். ஒரு நாள் முழுக்க உலரட்டும். அதற்கு முன் கதவைப் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

மூடுவதற்குக் குமிழில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு, 2 மில்லிமீட்டர் திருகுக்கான எம்2 மரை வெட்டுவது நல்ல வழி. துளி எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். வார்ப்புத் துத்தநாகம் நொறுங்கும் குணமுள்ளது. ஒரே மூச்சில் திருகினால் குமிழ் பிளக்கும். திருகை விரலால் இறுக்கிய பின் கால் சுற்று மட்டும். சூப்பர் பசை வைத்து அடித்தகட்டை ஒட்டுவது கெட்ட பழக்கம்; அடுத்தவர் திறக்க முடியாது, பசையின் ஆவி ஜன்னலில் வெள்ளையாகப் படியும்.

பெட்டியும் உறையும்

261 படம் அச்சிட்ட அட்டைப் பெட்டியில், உள்ளே காட்சிமேடை போன்ற அட்டையோடு வந்தது. கூடவே ரகசியக் குறிப்புகள் என்ற பெயரில் ஒரு சிறு உறை. அதற்குள் இயக்கக் குறிப்பு, 007 ஒட்டுப் பட்டை, உபரியாக ஒரு பயணி பொம்மை. அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருந்த பிள்ளை எங்கே இருந்திருக்கும்! அதனால்தான் பெட்டி, உள்ளட்டை, உறை மூன்றும் சேர்ந்தால் பல நேரங்களில் வண்டியைவிட அவற்றுக்கே கூடுதல் பணம்.

பணம் அங்கே இருப்பதால் நகலும் அங்கேதான். லென்ஸில் படத்தைப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் வண்ணங்கள் ஒழுங்கான புள்ளிச் சுழல்களாகத் தெரியும். கணினி அச்சில் புள்ளிகள் சிதறலாகவோ பொடித் தூவலாகவோ இருக்கும், எழுத்தின் ஓரம் சொரசொரக்கும். மடிப்புகளில் அட்டையின் நார் தேய்ந்து பழுத்திருக்கவேண்டும். புற ஊதா டார்ச்சில் நகல் அட்டை நீலவெள்ளையாக ஒளிரும் என்பது பாதி உண்மை. காகிதத்தை வெளுப்பாக்கும் ஒளிரும் சாயங்கள் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன, ஆகவே அந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். நகல் பெட்டி என்று சொல்லி விற்றால் வாங்கலாம்; அடியில் பென்சிலால் நகல் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

வைப்பது

வேல்ஸில் செய்த வண்டி சென்னைக்கோ கொழும்புக்கோ வந்துசேர்ந்தால் முதல் எதிரி ஈரக்காற்று, இரண்டாவது ராமபாணப் பூச்சி. வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துப் பெட்டியை அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூச்சி அட்டையின் பசையையும் படத்தையும் மேய்ந்துவிடும். மூடி இறுகும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வண்டியையும் பெட்டியையும் தனித்தனியே வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறு ஈரமானியும் போடுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஒரு எண்ணில் நிலையாக நிற்பது அதைவிட நல்லது. பிவிசி உறைகளும் மென்மையான பிளாஸ்டிக் விரிப்புகளும் வேண்டாம், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த இளக்கி அவற்றிலிருந்து கசிந்து பெயின்டைப் பிசுபிசுப்பாக்கும். தேக்கோ ஓக்கோ, புதுப் பலகையில் செய்த மூடிய அலமாரியும் துத்தநாகத்துக்கு ஆகாது. மரத்திலிருந்து வரும் அமில ஆவி வெள்ளைத் துருவைக் கிளப்பும்.

இருக்கையின் ஸ்பிரிங்கை அழுத்திய நிலையில் கூரையை மூடி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். எஃகு ஸ்பிரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தமல்ல, துருக்குழி. தபாலில் அனுப்பும்போது மட்டும் பயணி பொம்மையை வெளியே எடுத்துத் தனி உறையில் போட்டு, கூரையின்மேல் மடித்த டிஷ்யூ காகிதம் வைத்துச் சுற்றுங்கள். பெயின்டின்மேல் நேராக டேப் ஒட்டினால் உரிக்கும்போது பொன்னிறமும் சேர்ந்து வரும்.